நாலு வாய்ப்பு, பத்து யார்டு: ‘ரெட்ரோ பௌல்’ கேள்வி-பதில்

பிரவுசரில் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாட்டான ‘ரெட்ரோ பௌல்’ பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கே: டாலஸில் இருக்கும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். லேப்டாப்பில் கட்டம் கட்டமாகத் தெரியும் ஒரு ஃபுட்பால் ஆட்டத்தை விடாமல் ஆடிக்கொண்டே இருந்தான். நிஜ மைதானம் போலவே காட்டும் விளையாட்டுகள் எத்தனையோ இருக்க, பழைய வீடியோ கேம் மாதிரி இருக்கும் இதில் அப்படி என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

ப: பெரும்பாலும் அவன் ஆடியது ‘ரெட்ரோ பௌல்’ ஆகத்தான் இருக்கும். பிரிட்டனைச் சேர்ந்த நியூ ஸ்டார் கேம்ஸ் 2020இல் மொபைலுக்காக வெளியிட்ட விளையாட்டு. பிறகு பிரவுசருக்கும் வந்தது. இதை உருவாக்கிய சைமன் ரீட், அதற்கு முன் ‘நியூ ஸ்டார் சாக்கர்’ என்ற கால்பந்து விளையாட்டைச் செய்தவர். அதில் முழுப் போட்டியையும் ஆட வேண்டியதில்லை. நம் வீரரின் காலுக்குப் பந்து வரும் தருணங்கள் மட்டுமே திரைக்கு வரும். அதே கத்தரிக்கோலை அமெரிக்கன் ஃபுட்பாலில் வைத்தபோது கிடைத்ததுதான் ரெட்ரோ பௌல்.

அந்த ஆட்டம் இதற்குத் தோதானது. டிவியில் ஒரு என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்) போட்டி 3 மணி நேரம் ஓடும். கடிகாரப்படி 60 நிமிடம். பந்து உண்மையிலேயே நகரும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் கால் மணி நேரம்கூடத் தேறாது. மீதியெல்லாம் யோசனை, அணிவகுப்பு, காத்திருப்பு. கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து ஆட்டம் நின்று தொடங்குவதுபோல, இங்கும் ஒவ்வொரு ‘ப்ளே’யும் சில விநாடிகளில் முடிந்து, அடுத்ததற்கு எல்லோரும் புதிதாக வரிசையில் நிற்பார்கள். இந்தச் சின்னத் துண்டு ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையான ஒரு புதிர்: யார் தனியாக நிற்கிறார், பந்தை எப்போது விடுவது, எவ்வளவு தூரத்துக்கு? ரெட்ரோ பௌல் இந்தப் புதிரை மட்டும் நம் கையில் கொடுக்கிறது. எதிரணி பந்தை வைத்திருக்கும்போது நாம் ஆடுவதே இல்லை. அவர்கள் எவ்வளவு முன்னேறினார்கள் என்பது சில வரிகளில் ஓடி முடிந்துவிடும்.

படம் எளிமையாக இருப்பதும் இதற்குத் துணை. முகம், வியர்வை, புல்லின் நிழல் எதுவும் இல்லாததால் கண் நேராகப் போக வேண்டிய இடத்துக்கே போகிறது: நம் வீரருக்கும் அவரைத் துரத்துபவருக்கும் இடையே எத்தனை அடி இடைவெளி? இரண்டு விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டிய ஆட்டத்தில் இந்தத் தெளிவு பெரிய வரம். படம் பிரமாதமாக இருக்கும் பல விளையாட்டுகளில் கேமரா ஆட்டத்தை மறைத்துவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

பேரன் எழுந்திருக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. போட்டி சட்டென்று முடிந்துவிடும். ஆனால் போட்டி முடியும்போதே ஏதாவது ஒன்று பாக்கி நிற்கும். ஒருவருக்குக் காயம், இன்னொருவருக்கு ஒப்பந்தம் முடியப் போகிறது, ரசிகர்கள் குறைகிறார்கள். இவற்றையெல்லாம் சரிசெய்தால் அடுத்த போட்டி தயாராக நிற்கும். நிறுத்துவதற்கு இயல்பான இடம் என்று ஒன்று இருந்தால், அது சீசனின் கடைசிப் போட்டிதான். சீசன் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும் என்று அவனிடம் பேசி வையுங்கள்; “இந்த மேட்ச்சோடு நிறுத்து” என்பது பலிக்காது.

கே: விதி ஒன்றுமே தெரியாது. ஆடத் தொடங்க எவ்வளவு தெரிந்தால் போதும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: ஒரே ஒரு விதி போதும். பந்து கையில் இருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் ‘டவுன்’ என்று பெயர். அந்த நாலுக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். திரையில் ‘3rd & 7’ என்று வந்தால், மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 7 யார்டு வேண்டும் என்று பொருள்.

மைதானம் 100 யார்டு. இரு முனையிலும் 10 யார்டு ‘எண்ட் ஸோன்’. எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் பந்தோடு போனால் டச் டவுன், 6 புள்ளி. அதன்பின் உதைத்தால் கூடுதலாக 1; உதைக்காமல் மறுபடி ஓடியோ எறிந்தோ உள்ளே போனால் 2. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்கு 3.

இந்த டவுன் விதி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் ஆட்டமே விளங்கிவிடும். 1881இல் பிரின்ஸ்டனும் யேலும் மோதியபோது முதல் பாதி முழுக்க ஒரு அணியும் மறுபாதி முழுக்க மற்ற அணியும் பந்தை விடாமலே வைத்திருந்தன. புள்ளியே இல்லை. அதைப் பார்த்து வெறுத்துப்போய்த்தான், 1882இல் வால்டர் கேம்ப் முன்வைத்தபடி, 3 வாய்ப்பில் 5 யார்டு என்ற கட்டாயம் வந்தது. 1906இல் அது 10 யார்டு ஆனது. முன்னோக்கி எறிவதும் அதே ஆண்டுதான் அனுமதிக்கப்பட்டது. நாலாவது டவுன் 1912இல் சேர்ந்தது. ஆக, பந்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்ற நெருக்கடிதான் இந்த ஆட்டத்தின் உயிர். ரெட்ரோ பௌலில் உங்கள் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான்.

கே: எறிகிற பந்தெல்லாம் எதிரணிக்காரன் கையில்தான் போய் விழுகிறது. மவுஸை எப்படிப் பிடித்தாலும் இதே கதை. என்ன தப்பு செய்கிறேன்?
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை

ப: புதிதாக ஆடுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்று உண்டு: வீரர் இப்போது நிற்கும் இடத்தைப் பார்த்து எறிவது. பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் அவர் பல யார்டு ஓடிவிடுவார்; பந்து அவருக்குப் பின்னால், துரத்தி வருபவரின் மார்புக்கு நேராகப் போய்ச் சேரும். அவருக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தைக் குறிவையுங்கள். கிட்டத்து எறிதலுக்கு இரண்டு மூன்று எட்டு முன்னால். தூரம் கூடக் கூட இன்னும் முன்னால்.

வரிசை இதுதான். ப்ளே தொடங்கும் முன், ஒவ்வொரு வீரரும் ஓடப்போகும் பாதை கோடாகத் தெரியும். அதில் ஒருவரை முதலாவதாகவும் இன்னொருவரை மாற்றாகவும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரையும் பார்க்க முயன்றால் ஒருவரையும் பார்க்க மாட்டீர்கள். பாதைகள் சரியில்லை என்று தோன்றினால் ‘ஆடிபிள்’ பொத்தானை அழுத்தி வேறு ப்ளே கேளுங்கள். பிறகு மவுஸை அழுத்திப் பின்னோக்கி இழுங்கள். புள்ளிக் கோடு பந்து போகும் பாதையைக் காட்டும். விட்டால் எறிதல். இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் பந்து போகும் என்பது கைக்குப் பழக ஐந்தாறு ப்ளே ஆகும்.

விடும் நேரம்தான் சூட்சுமம். நேராக ஓடிச் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும் பாதை என்றால், அவர் திரும்பிய கணத்தில் விடுங்கள். துரத்துபவர் திரும்ப ஒரு நொடி பிடிக்கும். அந்த நொடிதான் உங்களுக்குச் சொந்தம். திரும்பி நாலு எட்டு ஓடிய பிறகு எறிந்தால் இடைவெளி மூடியிருக்கும்.

இரண்டாவது காரணம், பந்தை எறியும் வீரரான குவார்ட்டர்பேக்கின் கை. கோடு ஒரு அளவுக்கு மேல் நீளாது. அதுதான் அவருடைய கைவலிமையின் எல்லை. அந்த எல்லைக்கு அப்பால் ஓடிவிட்டவரைக் குறிவைத்தால் பந்து குறைவாகத்தான் விழும். துல்லியம் குறைந்தவர் என்றால், நீங்கள் சரியாகக் குறிவைத்தாலும் பந்து சற்று விலகிப் போகும். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு இரண்டு எதிரணிக்காரர்களுக்கு நடுவே எறியவே கூடாது. பக்கக் கோட்டை ஒட்டி ஓடுபவருக்கு எறியுங்கள். விலகினால் பந்து வெளியேதான் போகும், எதிரி கைக்குப் போகாது.

மூன்றாவது, பிடிவாதம். யாரும் காலியாக இல்லையென்றால் வேண்டுமென்றே பந்தை மைதானத்துக்கு வெளியே எறியுங்கள். ஒரு டவுன் போகும், பந்து போகாது. ‘3rd & 15’ வந்துவிட்டதே என்று நட்டநடுவில் நீளமாக எறிவதைவிட இது பத்து மடங்கு மேல்.

பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் வீரரான ரன்னிங் பேக்கை மறந்துவிடாதீர்கள். அவர்மேல் கிளிக் செய்தால் பந்து அவர் கைக்குப் போகும். பிறகு மேலேயோ கீழேயோ இழுத்து எதிரியைத் தவிர்க்கலாம். எதிரி கிட்டே வந்த பிறகு திரும்புங்கள். தொலைவிலேயே திரும்பினால் அவரும் சேர்ந்து திரும்பிவிடுவார். 1 யார்டு மட்டும் வேண்டியிருந்தால் முன்னோக்கி இழுத்துப் பாய்ந்து விழலாம்.

லேப்டாப் டச் பேடில் ஆடுகிறீர்களா? குற்றம் பாதி அதனுடையது. இழுக்கும்போது விரல் பேடின் ஓரத்தைத் தொட்டு நின்றுவிடும். குறி பாதியிலேயே அறுந்துபோகும். சாதாரண மவுஸ் ஒன்று போதும். முழுத்திரையில் ஆடுங்கள், இல்லாவிட்டால் இழுக்கும்போது மவுஸ் விளையாட்டுச் சட்டகத்துக்கு வெளியே போய், நீங்கள் விட்டதே பதிவாகாமல் போகலாம்.

கே: டிஃபன்ஸை, அதாவது எதிரணியைத் தடுக்கும் ஆட்டத்தை, நாம் ஆட முடியாது என்றால், எதிரணி அடித்துக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? நாலாவது டவுனில் உதைப்பதா, முயல்வதா என்றும் குழப்பம்.
– வாசகர், கோயம்புத்தூர்

ப: கடிகாரம்தான் உங்கள் டிஃபன்ஸ். எதிரணியின் கையில் எவ்வளவு நேரம் மிச்சம் வைக்கிறீர்கள் என்பது உங்கள் முடிவு. இரண்டாவது கால்பகுதியின் கடைசியிலும் நாலாவதின் கடைசியிலும் முன்னிலையில் இருந்தால், பந்தை ஓட்டத்துக்குக் கொடுங்கள், மைதானத்துக்குள்ளேயே விழுங்கள், நேரம் கரையும். பின்தங்கியிருந்தால் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேறுங்கள்; கடிகாரம் நிற்கும். கடைசி நிமிடத்தில் 2 புள்ளி முன்னிலையோடு அவசரமாக டச் டவுன் அடித்து எதிரணிக்குப் பந்தைக் கொடுப்பதைவிட, இன்னொரு முதல் டவுன் எடுத்து நேரத்தைத் தின்பதே பல வேளைகளில் பாதுகாப்பு.

உதைப்பதற்குக் கணக்கு எளிது. எண்ட் ஸோன் 10 யார்டு, பந்தை நிறுத்திப் பிடிப்பவர் 7 யார்டு பின்னால் இருப்பார். ஆகவே பந்து நிற்கும் கோட்டோடு 17 கூட்டுங்கள். 30 யார்டு கோட்டில் இருந்தால் 47 யார்டு உதை. உங்கள் கிக்கரின் தூரத்துக்குள் அது வந்தால் உதையுங்கள். வராமல், எதிரணிப் பாதியில் 1, 2 யார்டு மட்டும் பாக்கி என்றால் முயலுங்கள். சொந்தப் பாதியில் 8 யார்டு பாக்கி என்றால் பன்ட் செய்து, அதாவது பந்தை எதிரணியிடம் தொலைவுக்கு உதைத்து, விடுவதே நல்லது.

இன்னொரு கணக்கும் பலருக்குத் தெரிவதில்லை. 14 புள்ளி பின்தங்கியிருந்து ஒரு டச் டவுன் அடித்துவிட்டீர்கள். இப்போது 8 பின்தங்கல். 1 புள்ளி உதையா, 2 புள்ளி முயற்சியா? இரண்டுக்கு முயலுங்கள். பாதிக்குப் பாதி பலிக்கும், உதை தவறாது, எதிரணி மேற்கொண்டு புள்ளி எடுக்காது என்று வைத்துக்கொள்வோம். பலித்தால், அடுத்த டச் டவுனும் ஒரு உதையும் சேர்ந்து வெற்றி. பலிக்காவிட்டால் அடுத்த முறையும் 2 புள்ளிக்கு முயன்று சமன் செய்யலாம். ஆக 50 சதவீதம் நேரடி வெற்றி, 25 சதவீதம் கூடுதல் நேரம், 25 சதவீதம் தோல்வி. கூடுதல் நேரத்தில் பாதி ஜெயிப்பதாகக் கொண்டால் மொத்தம் 62.5 சதவீதம். இரண்டு முறையும் உதைத்தால் கூடுதல் நேரம் மட்டுமே கிடைக்கும், 50 சதவீதம்தான்.

கே: அணியில் யாருக்குச் சம்பளம் கொடுப்பது? வரம்பு உடனே தீர்ந்துவிடுகிறது.
– வாசகர், ஈரோடு

ப: உங்களுக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு இடங்கள் மட்டுமே, மற்ற இடங்களைப் பெயரில்லாத சாதாரண வீரர்கள் நிரப்புவார்கள். முதல் செலவு குவார்ட்டர்பேக். அடுத்து, எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் ஒரு நல்ல ரிசீவர், பிடிக்கவும் எதிரியைத் தடுக்கவும் செய்யும் ஒரு டைட் எண்ட். பிறகு, குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஒரு ஆஃபென்சிவ் லைன்மேன்: அவர் கண்ணில் படமாட்டார், ஆனால் எறிவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் அவர் தருவது. மீதியை டிஃபன்ஸுக்குப் பிரித்துக் கொடுங்கள். அதை நீங்கள் ஆட முடியாது என்பதாலேயே அங்கே சம்பளம்தான் உங்கள் ஒரே ஆயுதம். எல்லாப் பணத்தையும் ரிசீவர்களில் கொட்டினால் 38-41 என்று தோற்பீர்கள்.

வயதாகும் நட்சத்திரத்தை ஒப்பந்தம் முடியும்வரை வைத்திருக்காமல், மதிப்பு இருக்கும்போதே டிராஃப்ட் வாய்ப்புக்கு (புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) மாற்றுங்கள். புதியவர்களின் சம்பளம் குறைவு. அனுபவம் ஏற ஏற எந்தத் திறனைக் கூட்டுவது என்பது உங்கள் கையில். விளையாட்டுக்குள் பணம்போலப் பயன்படும் கோச்சிங் கிரெடிட்டை முதலில் பயிற்சி வசதிக்குச் செலவிடுங்கள். அதன் பலன் ஒவ்வொரு போட்டியிலும் சேர்ந்துகொண்டே வரும்.

கே: மூன்று சீசன் ஆடி வைத்திருந்தேன். ஒருநாள் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. எங்கே போயிற்று?
– பள்ளி மாணவர், மதுரை

ப: கணக்கு எதுவும் திறக்காமல் ஆடும் பிரவுசர் விளையாட்டுகளின் சேமிப்பு, உங்கள் பிரவுசருக்குள்ளேயே, அந்தத் தள முகவரியின் பெயரில்தான் இருக்கும். ‘குக்கிகளும் தளத் தரவும்’ என்பதை டிக் செய்து ஹிஸ்டரி அழித்தால் போய்விடும். இன்காக்னிட்டோ ஜன்னலில் ஆடினால் மூடியதும் போய்விடும். வேறு முகவரியில் இருக்கும் அதே விளையாட்டைத் திறந்தால் அங்கே உங்கள் அணி இருக்காது. பழைய முகவரிக்குத் திரும்பிப் பாருங்கள், பல நேரம் அங்கேயே இருக்கும். ஐபோன், மேக் சஃபாரியில் இன்னொரு சிக்கல்: பிரவுசரைப் பயன்படுத்திய நாட்களில் 7 நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால், சஃபாரியே அந்தச் சேமிப்பை நீக்கிவிடும். 2020 முதல் அப்படித்தான். நீண்ட சீசன் ஆடப் போகிறீர்கள் என்றால் மொபைல் ஆப் நல்லது.

நகல் தளங்கள் ஏராளம். பிரவுசர் விளையாட்டுக்கு எதையும் இறக்கவோ நிறுவவோ வேண்டியதில்லை. எக்ஸ்டென்ஷன் சேர், நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கொடு என்று கேட்கும் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள்.

கே: இந்தப் பாணிக்கு மூலம் எது? பழைய ஆட்டங்களில் ஏன் எல்லாமே பக்கவாட்டுக் காட்சி?
– வாசகர், புதுச்சேரி

ப: மூலம் டெக்மோ பௌல். 1987இல் ஆர்கேடில் வந்து, 1989இல் வீட்டு வீடியோ கேம் கருவியான நின்டெண்டோ என்இஎஸ்ஸுக்கு வந்தது. அணிக்கு 9 பேர், தேர்ந்தெடுக்க 4 ப்ளே; எதிராளி அதே ப்ளேயை ஊகித்துவிட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. 1991இல் வந்த டெக்மோ சூப்பர் பௌலில் அணிக்கு 11 பேரும், என்எஃப்எல் அணிகளும், முழு சீசனும் இருந்தன.

பக்கவாட்டுக் காட்சிக்கு என்இஎஸ்ஸின் வன்பொருள் நன்றாக ஒத்துப்போனது. அதன் திரை 256×240 புள்ளி. நகரும் உருவத் துண்டுகள் மொத்தம் 64. ஒரே கிடைக்கோட்டில் 8க்கு மேல் வரையாது. மிஞ்சினவை மறையும், அதனால்தான் கூட்டமான இடத்தில் வீரர்கள் மினுக்கினார்கள். பக்கவாட்டில் காட்டினால் எதிரெதிர் வரிசைகள் திரையில் மேலிருந்து கீழாக நிற்கும். ஒரு கிடைக்கோட்டில் சிலர்தான் வருவார்கள். பின்னாலிருந்து காட்டினால் எல்லோரும் ஒரே கோட்டில் வந்து நெருக்குவார்கள். 1990இல் ஜான் மேடன் ஃபுட்பால் அந்தக் கோணத்தை சேகா ஜெனிசிஸ் என்ற வேறொரு கருவியில் காட்டியது. அந்தக் கருவி ஒரு கோட்டில் 20 துண்டுகள் வரையும். ரெட்ரோ பௌலுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் பக்கவாட்டையே வைத்தார்கள். முன்னோக்கி எறியும் தூரத்தை அளக்கக் கண்ணுக்கு அதைவிட வசதியான கோணம் கிடையாது.

கே: இதுபோல ஒன்றை நானே எழுதிப் பார்க்க ஆசை. ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். எங்கே சறுக்கும்?
– பொறியியல் மாணவர், சேலம்

ப: கேன்வாஸை 320×180 புள்ளியில் அமையுங்கள். 4 மடங்கு பெருக்கினால் 1280×720, 6 மடங்கு என்றால் 1920×1080. முழு எண்ணால் பெருக்கும்வரை கட்டங்கள் சீராக இருக்கும். 4.5 மடங்கு என்று வந்தால் சில கட்டம் பெரிதாக, சில சிறிதாகத் தெரியும். சிஎஸ்எஸ்ஸில் ‘இமேஜ்-ரெண்டரிங்’ பண்புக்கு ‘பிக்சலேட்டட்’ மதிப்பு கொடுக்காவிட்டால் படம் மங்கும்.

பந்துக்கு முப்பரிமாணம் தேவையில்லை. தரையில் அதன் இடத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேர்கோட்டில் சீராக நகர்த்துங்கள். உயரத்தைத் தனியாக வையுங்கள்: பயணத்தின் பங்கு t 0இலிருந்து 1வரை போகும்போது, உயரம் = 4 × உச்சம் × t × (1 − t). பந்தை அந்த உயரத்துக்கு மேலே தூக்கி வரைந்து, தரை இடத்தில் ஒரு நிழலை வரையுங்கள். ஆடுபவர் உண்மையில் பார்ப்பது நிழலைத்தான். நிழல் இல்லாவிட்டால் பந்து எங்கே விழும் என்றே தெரியாது. பிடிப்பதையும் பறிப்பதையும், உயரம் 2 யார்டுக்குக் கீழே இருக்கும்போது மட்டும் சோதியுங்கள். இதைச் செய்யாததால்தான் பல முயற்சிகளில், தலைக்கு மேல் பறக்கும் பந்தைத் தரையில் நிற்பவர் பறித்துவிடுகிறார்.

பெரிய சறுக்கல் வேகத்தில். திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் வீரரை ஒரு படி நகர்த்தினால், 60 ஹெர்ட்ஸ் திரையில் சரியாக இருந்த ஆட்டம் 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகமாக ஓடும். கடந்த நேரத்தைச் சேர்த்து வைத்து, 1/60 விநாடி சேரும்போதெல்லாம் ஒரு படி நகர்த்துங்கள். வேறு டேப்புக்குப் போய்த் திரும்பினால் பல விநாடி ஒரேயடியாகச் சேர்ந்திருக்கும், 0.25 விநாடிக்கு மேல் வந்ததை எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வருவதற்குள் உங்கள் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார்.